கராஜுக்குப் போனதும் மறையும் கோளாறு

முன்னால் வாகனம் இல்லை. ஆள் இல்லை. காட்டு மான்கூட இல்லை. ஆனாலும் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருந்த கார் தானாகவே பிரேக் அடிக்கிறது. பின் இருக்கையில் கிடந்த பை உருண்டு கீழே விழுகிறது. ஒரு விநாடிதான். பிறகு ஒன்றுமே நடவாததுபோல் கார் ஓடுகிறது. "இஞ்சேருங்கோ, ஏன் இப்பிடி அடிச்சனீங்கள்?" என்று பக்கத்து இருக்கையிலிருந்து கேள்வி வரும். "நான் கால் வைக்கவே இல்லையப்பா" என்ற பதிலை அங்கே யாரும் நம்பப்போவதில்லை. கராஜ்காரரும் நம்பமாட்டார். கணினியைச் செருகிப் பார்ப்பார், பிழைக்குறி ஏதும் இல்லை என்பார், சாவியைத் திருப்பித் தந்துவிடுவார்.

ஒஸ்லோவின் தென்கோடியில் காட்டை ஒட்டி இருக்கும் பியோர்ண்டால் போன்ற குடியிருப்புகளில் இந்த முறைப்பாடு குளிர்காலத்தோடு சேர்ந்தே வரும். 2024இல் நோர்வேயில் பதிவான புதிய கார்களில் 88.9 சதவீதம் மின்கார்கள். புதிய கார்கள் இங்கே நிறைய ஓடுவதால், அவற்றில் சாரதிக்கு உதவும் தானியங்கி அமைப்புகளும் நிறைந்திருக்கின்றன. முன்வாகனத்தோடு இடைவெளி காக்கும் வேகக்கட்டுப்பாடு, மோதப்போகிறது என்று தோன்றினால் தானே பிரேக் போடும் அமைப்பு, கோடு தாண்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும் அமைப்பு, வேக எல்லையை மீறினால் கீச்சிடும் அமைப்பு எனப் பட்டியல் நீளும். ஒரு காலத்தில் இவை காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வசதிகள். 2024 ஜூலை 7 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் ஒவ்வொரு புதிய காரிலும் இவற்றில் பல கட்டாயம். ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பில் இருப்பதால் நோர்வேயும் அதே வழிதான். ஆக, வேண்டாம் என்று சொல்லிப் புதுக் கார் வாங்க முடியாது.

கார்க்காரர் பொய் சொல்லவில்லை. கராஜ்காரரும் பொய் சொல்லவில்லை. உடைந்த பாகம் ஒன்று இருந்தால்தான் பிழைக்குறி வரும். பொய்ப் பிரேக் அடிக்கும் காரில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருப்பதில்லை. கமரா வேலை செய்கிறது, ரேடார் வேலை செய்கிறது, பிரேக்கும் கச்சிதமாக வேலை செய்கிறது. பிழைத்தது தீர்ப்பு மட்டும்தான். அந்தத் தீர்ப்பு எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்க, பியோர்ண்டாலின் டிசம்பர் மதியத்தைவிட நல்ல ஆய்வுகூடம் கிடைக்காது.

ஒஸ்லோ 59.9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறுவது ஏறத்தாழ 7 பாகை. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் 57 பாகை. பத்து மீட்டர் உயர விளக்குக் கம்பம் யாழ்ப்பாணத்து நண்பகலில் ஆறரை மீட்டர் நிழல் போடும். ஒஸ்லோவில் அதே கம்பத்தின் நிழல் 85 மீட்டர். பாலம், மரம், கம்பம் எல்லாம் வீதிக்குக் குறுக்கே கரும்பட்டைகளாக விழுந்து கிடக்கும். தெற்கு நோக்கிப் போகும் காருக்கு நண்பகல் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். முன்கண்ணாடியின் உச்சியில், உள்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கமராவும் அதே வெளிச்சத்தைத்தான் வாங்குகிறது. பனி உருக வீதியில் கொட்டிய உப்பு முன்னால் போகும் லொறியின் டயரில் இருந்து தெறித்து, கண்ணாடியில் மெல்லிய வெண்படலமாகக் காய்ந்திருக்கும். அந்தப் படலத்தில் தாழ்ந்த சூரிய ஒளி பட்டுச் சிதறும்போது படம் முழுவதும் வெளுத்துப்போகும்.

மனிதக் கண்ணும் கூசத்தான் செய்கிறது. ஆனால் நேற்றும் இதே வீதியில் வந்தோம், அங்கே இருப்பது பாலத்தின் நிழல் என்று சாரதிக்குத் தெரியும். கமராவுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு வலையமைப்பு என்னும் மென்பொருள் நேற்றைய பயணத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஓடுவதில்லை. லட்சக்கணக்கான படங்களில் பழகிய வடிவங்களோடு இந்த நொடியின் படத்தை ஒப்பிட்டு, இது வாகனமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண்ணைச் சொல்கிறது. கரிய, செவ்வக, வீதியை மறிக்கும் உருவம் என்றால் அந்த எண் ஏறும்.

அப்படியானால் நிழலைக் கண்டு ஏமாறாத ரேடார் போதாதா? கார்களில் உள்ள ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அலைநீளம் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் அது அபாரமாக அளக்கும். உயரத்தை அளப்பதில்தான் பல ரேடார்கள் மோசம். 100 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்கும் மேம்பாலம், பம்பருக்குப் பின்னால் இருக்கும் ரேடாருக்கு இரண்டரைப் பாகை மேலேதான் தெரியும். வீதி பள்ளத்தில் இறங்கி மேலேறும் இடமென்றால் அந்த இரண்டரையும் இல்லை. பாலம் நேர் எதிரே நிற்கும். பாலம் அசையாது. நின்றுபோன லொறியும் அசையாது. இரண்டிலிருந்தும் வரும் எதிரொலி ஒரே வேகத்தைத்தான் காட்டும்.

இந்தச் சிக்கலுக்கு முந்தைய தலைமுறைப் பொறியியலாளர்கள் கண்ட வழி எளிது: அசையாத பொருள்களின் எதிரொலிக்கு மதிப்பைக் குறைத்துவிடு. பாலத்துக்குப் பிரேக் அடிப்பது குறைந்தது. கூடவே, நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருந்த தீயணைப்பு வண்டிகளில் கார்கள் போய் மோதிய செய்திகளும் வந்தன. பனி இன்னொரு தொல்லை. உலர்பனியை ரேடார் அலை ஓரளவு ஊடுருவும். ஒஸ்லோவில் மார்கழியும் தையும் பல நாள் பூஜ்யம் பாகையைச் சுற்றியே நிற்பதால் விழுவது ஈரப்பனி. அதிலுள்ள நீர் அலையை உறிஞ்சிவிடும். பம்பரில் ஈரப்பனி அப்பிக்கொண்டால் அமைப்பு தானாக ஓய்ந்துபோகும். திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வரும். அதைக்கூட நான் நல்ல நடத்தை என்பேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற கருவி நல்ல கருவி.

டெஸ்லா 2021 மே மாதம் வட அமெரிக்காவில் மாடல் 3, மாடல் வை கார்களிலிருந்து ரேடாரை எடுத்துவிட்டு, கமராவை மட்டும் நம்பத் தொடங்கியது. 2022 பெப்ரவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2021, 2022 மாடல்களில் ஏறத்தாழ 4,16,000 கார்களைப் பற்றி விசாரணை தொடங்கியது. அதுவரை ஒன்பது மாதங்களில் வந்திருந்த பொய்ப் பிரேக் முறைப்பாடுகள் 354. விசாரணை செய்தியானதும் ஜூனுக்குள் அது 758 ஆனது. ரேடாரை எடுத்ததுதான் குற்றம் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அதே 2022 பெப்ரவரியில் அதே நிர்வாகம் ஹொண்டாவின் அக்கோர்ட், சிஆர்-வி கார்கள் 17 லட்சத்தைப் பற்றியும் விசாரணை திறந்தது. காரணம், 278 முறைப்பாடுகள். ஹொண்டாவில் கமராவும் இருந்தது, ரேடாரும் இருந்தது. எந்த உணரியை வைத்தாலும் கேள்வி மாறுவதில்லை: எவ்வளவு சந்தேகம் வந்தால் பிரேக் அடிக்கலாம்?

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். தானியங்கி பிரேக், விநாடிக்கு 20 தடவை "இப்போது அடிக்கவேண்டுமா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 72,000 தீர்ப்புகள். பத்து லட்சம் தீர்ப்பில் ஒன்றே ஒன்றுதான் பிழைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். எந்த நீதிபதிக்கும் கிடைக்காத பெருமை அது. ஆனாலும் 14 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு பொய்ப் பிரேக் வரும். நோர்வேக் கார் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 11,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சராசரி 50 கிலோமீட்டர் வேகமென்றால் 220 மணி நேரம். ஆண்டுக்குப் பதினைந்து, பதினாறு தடவை கார் காரணமின்றிக் குனியும். உண்மையாகவே மோதப்போகும் தருணமோ சாதாரணச் சாரதிக்குப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். இந்த எண்கள் நான் எடுத்துக்கொண்டவை; உண்மை அமைப்புகள் பல படங்களைத் தொடர்ச்சியாகச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது. அரிதான ஆபத்தை இடைவிடாமல் தேடும் எந்தக் கருவியும், மிக நல்ல கருவியாகவே இருந்தாலும், அடிக்கும் மணிகளில் பெரும்பான்மை பொய்மணியாக இருக்கும். மீன்குழம்புக்குத் தாளிக்கும்போது கத்துகிற புகை எச்சரிப்பானுக்கும் இதே விதிதான்.

தீர்ப்பின் வாசலைக் கடுமையாக்கினால் பொய்ப் பிரேக் குறையும், மெய்யான மோதல் சிலவும் அதன் கண்ணில் படாமல் போகும். தளர்த்தினால் மறுபக்கம். நடுவில் ஓரிடத்தைக் கம்பனி தேர்ந்தெடுக்கிறது. மெய்யான மோதலில் செத்தவர் பெயர் செய்தித்தாளில் வரும், பொய்ப் பிரேக்கில் பயந்தவர் பெயர் வராது என்பதையும் அது அறியும். தானியங்கி பிரேக் உயிர் காப்பது உண்மை. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள விபத்துத் தரவுகளைச் சேர்த்து 2015இல் வெளியான ஆய்வு, குறைந்த வேகத்தில் இயங்கும் இந்த அமைப்பு இருந்த கார்கள் முன்வாகனத்தின் பின்புறம் மோதுவது 38 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. ஆகவே அதை அணைத்துவிட்டு ஓடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேக எல்லைக் கீச்சு வேறு கதை. வீதிப் பலகையைப் படித்தும் வரைபடத்தைப் பார்த்தும் எல்லையைச் சொல்லும் அந்த அமைப்பு, சோதனைத் தூரத்தில் 90 சதவீதத்தில் சரியாகச் சொன்னால் ஐரோப்பிய விதிப்படி தேறிவிடும். மீதிப் பத்துச் சதவீதத்தில் பக்கத்து வீதியின் 40ஐப் படித்துவிட்டு உங்களைத் திட்டும். கார் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அது மறுபடி உயிர்பெறவேண்டும் என்பதும் விதி. எனக்குத் தெரிந்த பலர் இருக்கைப் பட்டியை மாட்டிய கையோடு அதை அணைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

கோடு காக்கும் அமைப்புக்கும் நோர்வேக் குளிர்காலத்துக்கும் ஒத்துவராது என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிக்கும் நடுக்கோடு இங்கே மஞ்சள். ஒடுங்கிய வீதிகளில் அந்தக் கோடே இராது, இரு ஓரங்களிலும் விட்டுவிட்டு வரும் வெள்ளைக்கோடு மட்டும்தான். பனி மூடினால் இரண்டும் போய்விடும். மிஞ்சுவது டயர் ஓடிய கருந்தடங்கள். கமரா அவற்றைக் கோடென்று நம்பினால் ஸ்டியரிங் கையில் ஒரு சிறு இழுப்பு.

இதுவரை சொன்னது தீர்ப்புப் பிழை. மெய்யான மென்பொருள் கோளாறும் உண்டு. 2021 அக்டோபரில் டெஸ்லா தன் தானோட்டச் சோதனை மென்பொருளின் 10.3ஆம் பதிப்பை அமெரிக்கக் கார்களுக்கு அனுப்பியது. காரில் உள்ள இரண்டு சில்லுகளுக்கிடையே தகவல் தொடர்பு அறுந்ததால், மற்ற வாகனங்களின் வேகத்தைக் கார் தவறாகக் கணித்தது. பொய் எச்சரிக்கை, பொய்ப் பிரேக். கம்பனி அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்று, 11,704 வாகனங்களுக்குத் திருத்தம் அனுப்பியது. எல்லாம் ஒரு வாரத்துக்குள். இவ்வளவு வேகமாகக் கண்டுபிடிக்க முடிந்ததன் காரணம், கோளாறு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்ததும், எல்லோரும் ஒரே நேரத்தில் முறையிட்டதும்தான். ஒஸ்லோவில் ஒருவருக்கு டிசம்பரில், பெர்கனில் ஒருவருக்கு மார்ச்சில், வெவ்வேறு பாலத்தடியில் வந்திருந்தால் யார் சேர்த்துப் பார்த்திருப்பார்கள்?

காருக்குள்ளேயே சாட்சி இருக்கிறதே என்று கேட்கலாம். விமானத்தின் கறுப்புப்பெட்டி போன்ற நிகழ்வுப் பதிவுக் கருவியும் 2024 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். மோதலுக்கு முந்தைய ஐந்து விநாடிகளில் வேகம், பிரேக், ஸ்டியரிங் எப்படி இருந்தன என்று அது பதிந்துவைக்கும். ஆனால் அது எப்போது விழிக்கும் என்று பாருங்கள். காற்றுப்பை விரிந்தால் விழிக்கும். அல்லது 150 மில்லிவிநாடிக்குள் காரின் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் மாறினால் விழிக்கும். அவ்வளவு விரைவாக வேகம் மாற, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஒன்றரை மடங்கு வேகத்தளர்ச்சி தேவை. நல்ல டயர் காய்ந்த தாரில் தரக்கூடியது ஒரு மடங்குதான். பனிக்கட்டியில் அதில் பத்திலொரு பங்கு. அதாவது, எவ்வளவு முரட்டுத்தனமாகப் பிரேக் அடித்தாலும் பிரேக் மட்டும் அந்தக் கருவியை எழுப்பாது. பின்னால் வந்தவர் வந்து மோதினால்தான் உண்டு. மோதாமல் தப்பிய பொய்ப் பிரேக்குக்குச் சட்டம் கேட்கும் பதிவேட்டில் இடமே இல்லை. இருக்கும் பதிவிலும் யார் கார், எந்த இடம் என்பது தெரியக்கூடாது என்பதே விதி. அதுவும் விபத்து ஆய்வுக்காக அதிகாரிகளுக்கு மட்டும்.

கம்பனிகளின் கணினிகளில் வேறு பதிவுகள் உண்டு. அவை எவ்வளவு என்பதை உலகம் ஓரளவு அறிந்தது ஒஸ்லோவிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள டிராமனில் இருந்துதான். அங்கே டெஸ்லாவின் சேவை நிலையத்தில் வேலை செய்த லூகாஷ் குருப்ஸ்கி, கம்பனியின் உள்வலையில் தனக்கும் திறந்துகிடந்த கோப்புகளைக் கண்டார். ஏறத்தாழ 100 கிகாபைட் தரவு ஜெர்மனியின் ஹண்டெல்ஸ்பிளாட் நாளிதழுக்குப் போய், 2023 மே மாதம் வெளிவந்தது. 2015 முதல் 2022 மார்ச் வரை அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவிலிருந்து வந்த முறைப்பாடுகள் அதில் இருந்தன. கார் தானாக வேகமெடுத்ததாக 2,400க்கு மேல். பிரேக் தொடர்பாக 1,500க்கு மேல். அவற்றில் 139 தேவையற்ற அவசரப் பிரேக், 383 பொய் எச்சரிக்கையால் வந்த பொய்ப் பிரேக். வாடிக்கையாளரின் முறைப்பாடு பற்றிய உள்மதிப்பீட்டை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்பாமல் வாய்மொழியாக மட்டும் சொல்லும்படி ஊழியருக்கு அறிவுறுத்தல் இருந்ததையும் அந்த நாளிதழ் எழுதியது. குருப்ஸ்கி வேலையை இழந்தார். 2023 நவம்பரில் தன் பெயரோடு வெளியே வந்து பேசினார்.

நோர்வே கார்க்காரர்கள் சாதுவானவர்கள் அல்லர். குதிரைத்திறனைக் கூட்டிச் சொன்னதாக வழக்குப் போட்டு 2016இல் டெஸ்லாவைச் சமரசத்துக்கு இழுத்தார்கள். 2022 ஆகஸ்டில் ஒரு குழுவினர் கார்க் குறைகளுக்காக ஒரு நாள் உண்ணாநோன்பே இருந்தார்கள். பட்டினிப் போராட்டம் என்றால் என்ன என்று அறிந்த நம்மவர்களுக்கு இது கொஞ்சம் சிரிப்பாக இருந்திருக்கும். ஆனாலும் எரிச்சல் எவ்வளவு என்பதற்கு அது அளவுகோல்.

சட்டம் அவர்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. நீண்டகாலம் உழைக்கவேண்டிய பொருளில் குறை இருந்தால் ஐந்து ஆண்டுகள் வரை முறையிட நோர்வே நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. கார் அதில் அடங்கும். பாதுகாப்புப் பக்கத்தில் நோர்வே பொதுச் சாலை நிர்வாகத்துக்கு அறிவிக்கலாம். ஆனால் வகை அங்கீகாரம் என்பது ஐரோப்பாவில் ஒரு நாடு கொடுத்தால் மற்ற நாடுகளும் ஏற்கவேண்டிய ஒன்று. டெஸ்லாவுக்கு அதை வழங்கியது நெதர்லாந்தின் வாகன அதிகார சபை. எனவே பியோர்ண்டாலில் அடித்த பிரேக்கின் தீர்ப்பு கடைசியில் நெதர்லாந்துக்குப் போகும். சந்தையில் ஏற்கனவே உள்ள வாகனங்களைச் சோதிக்க ஐரோப்பிய விதி கேட்பது, முந்தைய ஆண்டில் பதிவான 40,000 புதிய வாகனங்களுக்கு ஒன்று, குறைந்தது ஐந்து. 2024இல் நோர்வேயில் பதிவான புதிய கார்கள் 1,28,000க்கு மேல். கார்களை மட்டும் எடுத்தால் கணக்குப்படி மூன்று சோதனைதான்; குறைந்தபட்ச எல்லை இருப்பதால் ஐந்து. ஏழு பாகைச் சூரியனும் உப்புப் படிந்த கண்ணாடியும் ஈரப்பனியும் ஒன்றுசேரும் நிமிடம் அந்தச் சோதனையில் அகப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த நிமிடத்தில் அங்கே இருந்த ஒரே ஆள் கார்க்காரர்தான். அவர் எழுதினால்தான் அது தரவு.

"கார் சும்மா பிரேக் அடிக்குது" என்று எழுதினால் பயனில்லை. எந்த வீதி, எந்தத் திசை, எந்தத் தேதியில் எத்தனை மணி எத்தனை நிமிடம்: இவை இருந்தால் சூரியன் எங்கே நின்றது என்று எவரும் பின்னர் கணித்துவிடலாம். மேலே பாலமோ எதிரே வளைவோ இருந்ததா, முன்கண்ணாடி சுத்தமா, மழையா பனியா என்பது அடுத்தது. வேகக்கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருந்ததா என்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் அது அடிக்கும் பிரேக் வேறு, அவசரப் பிரேக் அமைப்பு அடிப்பது வேறு. கராஜில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மென்பொருள் பதிப்பெண் திரையிலேயே இருக்கும். புதுப்பித்த பிறகு பதிப்பு மாறிவிடும் என்பதால் அன்றே ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது. அதே இடத்தில் மறுபடி நடந்தால் அது பொன். இடம் சார்ந்த பிழையைத்தான் பொறியியலாளரால் திரும்பப் போய்ச் சோதிக்க முடியும்.

கராஜில் தரும் பதிலை வாய்ப்பேச்சாக வாங்காமல் எழுத்தில் கேளுங்கள். "குறை காணப்படவில்லை" என்று ஒரு வரி எழுதித் தந்தாலும் ஐந்தாண்டுக் கணக்கில் அந்தத் தேதிக்கு மதிப்பு உண்டு. காரிலிருந்து கம்பனிக்குப் போன தரவு உங்களைப் பற்றியது என்றால் அதன் பிரதியைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி நோர்வேயில் 2018 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது; வழக்கமாக ஒரு மாதத்துக்குள் பதில் வரவேண்டும், வராவிட்டால் ஒஸ்லோவில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஆணையகத்துக்கு எழுதலாம்.